இன்னைக்கு எத்தனை பக்கம் ஆச்சு?

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் இருக்கிற பழைய ஸ்டேஷனரி கடைக்குப் பேனா ரீஃபில் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் மேல்தட்டுச் சரக்கை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அதில் பிரிக்காத கார்பன் பேப்பர் பாக்கெட் ஒன்று கிடந்தது. "இப்ப யாரும்மா இதைக் கேக்காங்க? வேணும்னா சும்மா எடுத்துக்கிடுங்க" என்று நீட்டினார். உறையைப் பிரித்ததும் மெழுகும் மையும் கலந்த அந்த எண்ணெய் வாசனை வந்தது. எந்த ஊரில், எந்த வயதில் அந்த வாசனையை முகர்ந்தாலும் எனக்கு ஒரே அறைதான் நினைவுக்கு வரும். எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையின் ஹெர்பேரியம் அறை. உலர்த்தி ஒட்டிய செடிகள் அடுக்கிய மர அலமாரிகள், நாஃப்தலின் உருண்டைகளின் நெடி, ஜன்னலோரம் ஒரு மேசை. பட்ட வகுப்புக்கான தாவர உள்ளமைப்பியல் பாடநூலை நான் எழுதியது அங்கேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தமிழ்வழிக் கல்லூரிக் கல்வி புது வேகத்தில் இருந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் அது தொடங்கியது. 1968இல் புகுமுக வகுப்புக்கும் 1969 முதல் பட்ட வகுப்புகளுக்கும் அறிவியல் பாடங்கள் தமிழில் வந்தன. வகுப்பு வந்துவிட்டது, புத்தகம் வேண்டுமே! 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் உருவானது. மாநில மொழிகளில் பல்கலைக்கழக நூல்களைக் கொண்டுவர மத்திய அரசும் மாநிலத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்று திட்டம் வகுத்திருந்தது. வரலாறு, பொருளியல், இயற்பியல், வேதியியல், விலங்கியல் என்று வரிசையாக நூல்கள் வந்தன. அவற்றை எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் எங்களைப் போன்ற கல்லூரி ஆசிரியர்கள். காலையில் வகுப்பு, மதியம் செய்முறை வகுப்பு, மாலையில் ரெக்கார்டு நோட்டுத் திருத்தம். இத்தனைக்கும் நடுவில்தான் ஒரு தலைமுறைக்கான புத்தகங்களை எழுதினார்கள்.

எப்படி எழுதி முடித்தீர்கள் என்று இளைய ஆசிரியர்கள் இன்றும் என்னைக் கேட்கிறார்கள். அதற்கு நான் சொல்லும் பதிலில் என் உழைப்புக்குச் சிறிய இடம்தான். பெரிய இடம் என்னைச் சுற்றியிருந்த சிலருக்கு.

முதலில் எங்கள் துறைத் தலைவர். படித்தது முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் ஒரு பக்கம்கூட அவர் எழுதியதில்லை. ஆனால் எனக்கு நூல் எழுதும் பொறுப்பு வந்த அன்று டைம்டேபிளை எடுத்து மேசையில் விரித்தார். "உங்க முதல் பீரியடை நான் எடுத்துக்கிறேம்மா. அந்த ஒரு மணி நேரம் ஹெர்பேரியத்துல உட்கார்ந்து எழுதுங்க. யார் கேட்டாலும் நீங்க ரூம்ல இல்லைன்னு சொல்லிடறேன்" என்றார். சொன்னபடியே செய்தார். முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தால்கூட, "அவங்க அடுத்த பீரியட்ல வருவாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வேறு எந்தச் சலுகையும் அவர் தரவில்லை. எனக்கு அதற்கு மேல் தேவைப்படவும் இல்லை.

அடுத்தது என் அத்தை, என் கணவரின் தாயார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என் மகன் அப்போது கைக்குழந்தை. விடியற்காலையில் அவன் சிணுங்கினால் நான் எழுவதற்குள் அத்தை தூக்கிக்கொள்வார். "நீ போய் எழுது, பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன்." அடுக்களையில் விறகடுப்பு எரியும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, அன்று கல்லூரியில் எழுத வேண்டியதற்குக் குறிப்பு எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் நான் வீடு திரும்பும்போது அத்தை திண்ணையில் பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருப்பார். காபியைக் கையில் கொடுத்த பிறகு ஒரு கேள்வி தவறாமல் வரும்: "இன்னைக்கு எத்தனை பக்கம் ஆச்சு?"

"ஒரு பக்கம்தான் அத்தை."

"அது போதும். நாளைக்கு இன்னொண்ணு எழுதிருவே."

இரண்டு பக்கம் என்றால் முகம் மலரும். எழுதவில்லை என்றால் கோபிக்க மாட்டார், "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்பார். எழுதாமல் இருப்பதற்கு உடம்பு சரியில்லாததைத் தவிர வேறு காரணம் இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கேள்விக்காகவே பல நாள் அரைப்பக்கத்தோடு நிறுத்த மனம் வராமல் முழுப்பக்கமாக்கினேன்.

பல வருஷம் கழித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த என் மாணவி ஒருத்தி ஊருக்கு வந்தபோது ஒரு புத்தகம் கொண்டுவந்து கொடுத்தாள். ராபர்ட் பாய்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1990இல் வெளியிட்ட 'புரொஃபசர்ஸ் அஸ் ரைட்டர்ஸ்'. பேராசிரியர்கள் எப்படி எழுதுகிறார்கள், ஏன் எழுத முடியாமல் திணறுகிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்தவர் அவர். மொத்தமாக ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்களைவிட, தினமும் சிறிது நேரம் எழுதுபவர்கள் அதிகம் எழுதுகிறார்கள், புதிய யோசனைகளும் அவர்களுக்கே அதிகம் வருகின்றன என்று கண்டறிந்தார். தினமும் எழுதிவிட்டு, எழுதியதை இன்னொருவரிடம் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் இன்னும் முன்னே நின்றார்கள். படித்ததும் எனக்கு அத்தையின் பூக்கூடைதான் கண்முன் வந்தது. அமெரிக்காவில் பாடநூல் ஆசிரியர்கள் 1987இல் தங்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள் என்பதையும் அந்த மாணவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒப்பந்தம், ராயல்டி, எழுதும் பழக்கம் என்று எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்களாம்.

எங்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது. பெயரோ பதிவோ சந்தாவோ இல்லாத சங்கம். சனிக்கிழமை மதியம் கல்லூரி முடிந்ததும் தமிழ்த்துறை அறையில் கூடுவோம். அப்போது நூல் எழுதிக்கொண்டிருந்த வேதியியல் சார், இயற்பியல் சார், நான், நடுவில் தமிழ்ப் பேராசிரியர் ஐயா. கேன்டீனிலிருந்து டீயும் உளுந்த வடையும் வரும். ஒருவர் அந்த வாரம் எழுதியதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர்கள் தாளைப் பார்க்கக் கூடாது, காதால் மட்டும் கேட்க வேண்டும். ஐயா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வாசிப்பவருக்கு மூச்சு முட்டும் இடத்தில் விரலைத் தூக்குவார். "இங்க வாக்கியத்தை முறிங்க. உங்களுக்கே மூச்சு வாங்குதே, பதினெட்டு வயசுப் பிள்ளை என்ன செய்வான்?" என்பார்.

வேதியியல் சார் ஒரு விதி வைத்திருந்தார். முதலில் எது புரிந்தது என்று சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் எது புரியவில்லை என்று சொல்லலாம். இந்த விதியின் அருமை போகப் போகத்தான் விளங்கியது. வாசித்துவிட்டு நடுக்கத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு, தன் எழுத்தில் ஏதோ ஒன்று இன்னொருவர் மனதில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் திருத்தத்தையும் தாங்கிக்கொள்ளலாம்.

சோர்ந்துபோன வாரங்களில் ஐயா பழைய கதைகளை எடுப்பார். யாழ்ப்பாணம் மானிப்பாயில் மருத்துவம் பார்த்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்கரின் கதையை முதன்முதலில் அவர் வாயால்தான் கேட்டேன். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ் கற்று, தமிழ் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். பாடப் புத்தகம் இல்லை என்றதும் தாமே எழுதவும் மொழிபெயர்க்கவும் தொடங்கினார். தனியாக அல்ல, தன்னிடம் படித்த மாணவர்களையே அந்த வேலையில் சேர்த்துக்கொண்டார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் மருத்துவம் வந்தது. "வெளிநாட்டுல பிறந்தவரே மாணவர்களைக் கூட வச்சுக்கிட்டு இவ்வளவு செஞ்சிருக்காரு. நாம நாலு பேர் இருக்கோம்" என்பார் ஐயா. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த கலைக்களஞ்சியம் அந்த அறையின் அலமாரியில் இருந்தது. வாதம் முற்றினால் ஐயா அதில் ஒரு தொகுதியை எடுத்துப் புரட்டுவார்.

மாணவர்களை எழுத்து வேலையில் சேர்த்துக்கொள்ளும் வழி எனக்கும் பிடித்துப்போயிற்று. ஓர் அத்தியாயம் முடிந்ததும் அதன் சுருக்கத்தை ஸ்டென்சில் தாளில் எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்து வகுப்பில் கொடுக்கத் தொடங்கினேன். மெழுகு பூசிய தாளில் இரும்பு முனைப் பேனாவால் அழுத்தி எழுதும்போது ஓலையில் எழுத்தாணி ஓடுவதுபோல ஒரு கீறல் சத்தம் வரும். அலுவலகத்தில் அந்த உருளையைச் சுற்றிச் சுற்றி எடுத்தால் ஈரம் காயாத தாள்கள் ஒவ்வொன்றாக விழும். அவற்றைக் கையில் வாங்கிய பிள்ளைகளின் விரலெல்லாம் மை.

வேர் பற்றிய பாடத்தை அப்படிக் கொடுத்த ஒரு நாள், ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து, "மேடம், இந்த ரனன்குலஸ் செடி எங்க ஊர்ல எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள். இருவித்திலைத் தாவர வேருக்கு ஆங்கில நூல்கள் பலவும் காட்டும் வழக்கமான உதாரணம் ரனன்குலஸ். நீலகிரி போன்ற குளிர் மலைகளில் அந்த இனம் உண்டு, தாமிரபரணிக் கரையில் கிடையாது. அன்றே செய்முறை வகுப்பில், முளைகட்டிய கொண்டைக்கடலை வேரைச் சீவிப் பார்த்தோம். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சியின் கை அதற்கென்றே பழகிய கை. கேரட் துண்டைப் பிளந்து நடுவில் வேரைப் பொதிந்து, ரேசரை ஒரே இழுப்பாக இழுப்பார். தண்ணீர்க் கிண்ணத்தில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய வளையங்கள் மிதக்கும். அதில் ஒன்றைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் சாயத்தில் தோய்த்து, கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், நடுவே சிவப்பாக நான்கு முனைகளோடு சைலம் தெளிவாகத் தெரியும். எந்த வீட்டு அடுக்களையிலும் கிடைக்கும் ஒரு விதை! என் நூலில் கொண்டைக்கடலை வேர்தான் படமாக வந்தது. அந்தப் பக்கத்தை எழுதியதில் அந்தப் பெண்ணுக்கும் அண்ணாச்சிக்கும் பங்கு உண்டு.

படம் வரைவது தனி உலகம். மைக்ராஸ்கோப்பில் கேமரா லூசிடாவைப் பொருத்தினால், கண்ணில் தெரியும் செல்லும் தாளில் நகரும் பென்சில் முனையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். செல்லின் விளிம்பை அப்படியே தொடர்ந்து வரையலாம். பிறகு கறுப்பு இந்தியன் இங்கில் இழுக்க வேண்டும். பக்கத்துப் பள்ளி டிராயிங் மாஸ்டர் ஒருவர் வந்து கற்றுக்கொடுத்தார். அச்சுக்கான படத்தை இரண்டு மடங்கு பெரிதாக வரைய வேண்டும், ஜிங்க் பிளாக் எடுக்கும்போது சுருங்கும். நெருக்கமான கோடுகள் சுருங்கினால் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பாகிவிடும், அதனால் நிழலுக்குக் கோடு போடாமல் புள்ளி வைக்க வேண்டும் என்பார். புள்ளி வைக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்வார். சம்பளம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. நூல் வந்ததும் ஒரு பிரதி கேட்டார், அவ்வளவுதான்.

கையெழுத்துப் பிரதிக்கு மூன்று நகல். வெள்ளைத் தாள்களுக்கு நடுவில் கார்பனைச் சொருகி, பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுத வேண்டும். கடைசி நகலிலும் ஒற்றுப்புள்ளி தெரிய வேண்டுமே. ஒரு நகல் பாடநூல் நிறுவனத்துக்கு, ஒன்று நூலைப் பார்வையிடும் பேராசிரியருக்கு, ஒன்று நமக்கு. பிறகு பிழை திருத்துவதற்காக நீள நீளமான 'காலி புரூஃப்' தாள்கள் தபாலில் வரும். என் நூல் அச்சுக்குப் போன சமயத்தில்தான் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. துதிக்கை போட்ட பழைய 'லை'யும் 'னை'யும் எழுதிய கை என்னுடையது. அடுத்து வந்த புரூஃபில் அவையெல்லாம் இன்றைய வடிவத்தில் இருந்தன. மகனுக்குப் பலகையில் அகரம் எழுதிக் காட்டும்போது நானும் புதிய வடிவத்திலேயே எழுதப் பழகிக்கொண்டேன்.

அதே 1978தான் வேதியியல் சாருக்குச் சோதனையான வருஷம். புகுமுக வகுப்புக்கென்று அவர் பாடுபட்டு எழுதிய நூல் முடியும் தறுவாயில், அந்த வகுப்பே போய் மேல்நிலைக் கல்வி வந்துவிட்டது. கட்டிய தாள்களை மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அன்று ஐயா வடைகூட வரவழைக்கவில்லை. "முதல் அத்தியாயத்தை வாசிங்க. பதினொண்ணாம் வகுப்புப் பையன் கேக்கிறதா நெனச்சுக் கேப்போம்" என்றார். நாங்களும் அப்படியே கேட்டோம். எது தங்கும், எதை எளிமையாக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று சனிக்கிழமை தோறும் ஓர் அத்தியாயமாகப் பிரித்துப் பார்த்தோம். மேல்நிலை மாணவர்களுக்கான துணைநூலாக அதை அவர் திருத்தி எழுதி முடித்தார். தனியாக இருந்திருந்தால் அந்தக் கட்டைப் பரணில் போட்டிருப்பேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லா நூல்களுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. வேலைவாய்ப்பைக் கருதிப் பிள்ளைகள் ஆங்கிலவழிக்குப் போகப் போக, தமிழ்வழி வகுப்புகளில் கூட்டம் குறைந்தது. எங்கள் நூல்கள் நூலகங்களின் பின் அலமாரிக்குப் போயின. அவற்றில் பல இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் யாரும் படிக்கும்படி கிடைக்கின்றன. பழுப்பேறிய அந்தப் பக்கங்களைக் கணினித் திரையில் பார்க்கும்போது, எழுதியவர்களின் பெயர்களுக்குப் பின்னால் எத்தனை அத்தைகள், எத்தனை துறைத் தலைவர்கள், எத்தனை அண்ணாச்சிகள் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வாய்ப்பு வந்தது. 2018இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தன அல்லவா, அவற்றுக்கான பணியில் மேலாய்வு செய்ய அழைத்தார்கள். சென்னை கல்லூரிச் சாலையில் பள்ளிக்கல்வித் துறையின் டி.பி.ஐ. வளாகம். 2022 முதல் அதற்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர். பல மாவட்டங்களிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். கார்பனும் இல்லை, ஸ்டென்சிலும் இல்லை. ஆளுக்கொரு மடிக்கணினி, அத்தியாயங்கள் வாட்ஸ்அப்பில் பறந்தன. சிலர் போனில் பேசியே தமிழைத் தட்டச்சாக்கினார்கள். பக்கத்தில் கியூஆர் கோடு வைத்து, அதன் வழியாகக் காணொளி காட்டலாம் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு எல்லாமே மகிழ்ச்சியான புதுமை.

ஆனால் மதிய இடைவேளையில் ஓர் இளம் ஆசிரியை மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சின்னப் பெண் சோற்றுத்தட்டோடு அழுகிறாள். ஒரு வயதான அம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ உன் வேலையைப் பாரும்மா, இவ சாப்பிட்டுருவா" என்கிறார். அந்த ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்தார். அவர் எழுதியதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கேட்டார்கள். எது புரிந்தது என்பதை முதலில் சொல்லுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் அந்த அறையின் களையே மாறிவிட்டது. மறுநாள் நான் கேட்காமலே இன்னொருவர் வாசிக்கத் தொடங்கினார்.

கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன, எழுதுபவருக்கு வேண்டியவை மாறவில்லை. இன்றைய கல்லூரி ஆசிரியர்களுக்கு எங்களைவிட நெருக்கடி அதிகம். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும், தர மதிப்பீட்டுக் குழு வந்தால் கோப்புகள் வேண்டும். இவற்றின் நடுவே மாணவருக்காக ஒரு பாடநூல் எழுதுகிறேன் என்பவரை நாம் தாங்கிப் பிடிக்க வேண்டாமா? விடுமுறை வரட்டும், எழுதிவிடுகிறேன் என்று சொல்லும் இளையவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விடுமுறைக்குக் காத்திருக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். "எத்தனை பக்கம் ஆச்சு?" என்று அன்போடு கேட்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எழுதியதை வாரம் ஒருமுறை நாலு பேர் காதில் போடுங்கள்.

கல்லூரி முதல்வர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். விருதும் பொன்னாடையும் நூல் வந்த பிறகு இருக்கட்டும். நூல் எழுதப்படும் காலத்தில் டைம்டேபிளில் ஒரு பீரியடை விட்டுக்கொடுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆசிரியர் முன்வந்தால், நூலின் முன்னுரையில் அவர் பெயரும் வரட்டும். என் வீட்டுக் கூடத்தில் இப்போது சனிக்கிழமைகளில் இளைய விரிவுரையாளர்கள் சிலர் கூடுகிறார்கள். நுண்ணுயிரியல், சூழலியல், புள்ளியியல் என்று ஆளுக்கொரு நூல். வடை பக்கத்துக் கடையில் வாங்குகிறோம். எழுதிக்கொண்டிருக்கிற யாரும் வரலாம். வாசிக்க ஒரு பக்கம் கையில் இருந்தால் போதும்.